மூன்று முதல் எட்டு வயது வரை: வீட்டுக்கல்வியா, அருகமைப் பள்ளியா, மாற்றுப் பள்ளியா?

பள்ளிச் சேர்க்கை தொடங்கும் பங்குனி, சித்திரை மாதங்களில் இளம் பெற்றோரிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. குழந்தையை இப்போதே பள்ளியில் சேர்க்காமல், மரத்தடியிலும் ஏரிக்கரையிலும் போதுமான நேரம் கொடுத்து, அந்தந்தப் பருவத்துக்கு உரிய கைவேலைகளைச் செய்ய வைத்து, வீட்டிலேயே கற்பித்துவிடலாமா என்பதே அக்கேள்வி. கேட்பவர்களின் மனக்குறையில் நியாயம் இருக்கிறது. மூன்றரை வயதுக் குழந்தையை நாற்காலியில் அமர்த்தி, இரட்டைக் கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைக்கும் மழலையர் வகுப்பை ஒருமுறை நேரில் பார்த்தவர்களுக்கு, தம் குழந்தையை அங்கே விட மனம் வராது.

ஆனால் இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. குழந்தைக்கு நாள்தோறும் வெளியில் ஓடியாடவும், மண்ணையும் இலையையும் கையாளவும் நேரம் கிடைக்கிறதா என்பது ஒன்று. எழுத்து, எண், பிற குழந்தைகளோடு பழகுதல் ஆகியவற்றுக்கு யார் பொறுப்பேற்கிறார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டு, இரண்டாவது பொறுப்பின் கனத்தை உணராமலேயே அதையும் தலையில் ஏற்றிக்கொள்ளும் குடும்பங்கள்தான் பிறகு திணறுகின்றன. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் முடிவெடுப்பது எளிதாகும்.

வெளிநேரத்தின் பயனைப் பற்றி ஐயம் வேண்டியதில்லை. குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை பெருகியதைக் கண்ட தைவான் அரசு, நாளொன்றுக்கு 120 நிமிடம் பிள்ளைகள் வெளியில் இருக்க வேண்டும் என்ற திட்டத்தை 2010இல் தொடங்கியது. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குப் பள்ளி நாளில் கூடுதலாக 40 நிமிட வெளிநேரம் கொடுத்து மூன்றாண்டுகள் கவனித்த ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. வழக்கம்போல் படித்த குழந்தைகளில் 39.5 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்திருக்க, வெளிநேரம் பெற்றவர்களில் அது 30.4 விழுக்காடாக இருந்தது. இவ்விரண்டுமே பள்ளிக்கூடங்களுக்குள் நடந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிநேரம் வேண்டும் என்பதற்கு இவை வலுவான சான்று. அதற்காகப் பள்ளியை விட்டே ஆக வேண்டும் என்பதற்கு இவை சான்று ஆகா.

## முதலில் அளவுகோல்கள்

ஒப்பிடத் தொடங்கும் முன் எவற்றைக் கொண்டு அளக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் கணிப்பில் முதலிடம் பெறுவது, நாள்தோறும் குழந்தையோடு முழுக் கவனத்துடன் இருக்கக்கூடிய ஒரு பெரியவர் வீட்டில் இருக்கிறாரா என்பது. இதற்கு விடை இல்லாத இடத்தில் மற்ற அளவுகோல்களைப் பேசிப் பயனில்லை. இரண்டாவது, குழந்தைக்கு உண்மையில் கிடைக்கும் வெளிநேரம் எவ்வளவு, அது எங்கே கிடைக்கிறது என்பது. மூன்றாவது, வாசிப்பும் எண்ணும் முறையாக வளர வழி இருக்கிறதா என்பது. நான்காவது, ஒத்த வயதுத் துணை. ஐந்தாவது பணம்; இதில் கட்டணத்தோடு இழக்கும் வருமானத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஆறாவது, சட்டமும் சான்றிதழும், பின்னாளில் பள்ளிக்குத் திரும்ப நேர்ந்தால் அதற்கான வழியும்.

சட்டத்தைப் பற்றிய அச்சமும் அலட்சியமும் இரண்டுமே மிகையாக உலவுவதால் அதை இங்கேயே தெளிவுபடுத்துவது நல்லது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. அச்சட்டத்தின் 10ஆம் பிரிவு, குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது; ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் விதிக்கவில்லை. வீட்டுக்கல்வியை அச்சட்டம் அங்கீகரிக்கவும் இல்லை, பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை. ஆகவே ஆறு வயதுக்குக் கீழே சட்டச் சிக்கல் ஏதுமில்லை. ஆறு வயதுக்கு மேல் தெளிவற்ற நிலைதான். பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க வீடு தேடி வரும் ஆசிரியர்கள் உங்கள் குழந்தையையும் அந்தப் பட்டியலில்தான் எழுதுவார்கள். அவர்கள் தங்கள் கடமையைச் செய்கிறார்கள் என்பதை உணர்ந்து, குழந்தை என்ன கற்கிறது என்பதை மரியாதையோடு எடுத்துக் காட்ட ஆயத்தமாக இருக்க வேண்டும்.

## வழி 1: முழுமையான வீட்டுக்கல்வி

இந்த வழியின் பெரும் செல்வம் நேரம். காலை ஆறரை மணிக்குப் பனி ஈரம் காயாத புல்லில் நடக்கவும், ஓர் எறும்புப் புற்றின் முன் முக்கால் மணி நேரம் குந்தியிருக்கவும், மழை பெய்யும்போதே மழையைக் கற்கவும் வீட்டில் கற்கும் குழந்தைக்கு வாய்க்கிறது. நம் ஆண்டின் போக்கே ஒரு பாடத்திட்டம் போல அமைந்திருக்கிறது. பங்குனியிலும் சித்திரையிலும் உதிரும் வேப்பம்பூவைத் துணி விரித்துச் சேர்த்து, உலர்வதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்க்கலாம். நுங்குக் காலத்தில் இரண்டு வெற்றுக் கூடுகளைக் குச்சியால் இணைத்தால் நுங்கு வண்டி ஆகிவிடும். ஆடியில் விதைப்பும் காற்றாடியும். ஆவணியில் களிமண் பிள்ளையார். ஐப்பசியில் நேரான பக்கங்களையுடைய ஒரு பாட்டிலை வெட்டி, அளவுகோல் ஒட்டி, மொட்டை மாடியில் வைத்து மழையை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவமழை கொண்டுவருவதால் அந்த மூன்று மாதத்து ஏடு நிறைந்துவிடும். தையில், 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் குழந்தையும் காகத்தையும் மைனாவையும் எண்ணிச் சொல்லலாம். மாசியில் புளி உடைக்கும் வீட்டில் கொட்டைகளுக்குப் பஞ்சமில்லை. பல்லாங்குழி வழியாகக் கூட்டலும் பங்கீடும் தாமாக வந்து சேரும்.

இவற்றில் ஒன்றையாவது நெருங்கிப் பார்த்தால்தான் கைவேலை எப்படிக் கல்வியாகிறது என்பது விளங்கும். பனையோலைக் காற்றாடியை எடுத்துக்கொள்வோம். ஓலையை ஈர்க்கிலிருந்து கிழித்து ஒரே அகலத்தில் இரண்டு கீற்றுகள் எடுக்க வேண்டும்; ஒன்றை மற்றொன்றில் மடித்துக் கோத்து இறுக்க வேண்டும்; நடுவில் கருவேல முள்ளைச் செருகி, அதை ஒரு குச்சியின் முனையில் பொருத்த வேண்டும். ஒரு பக்க ஓலை சற்று நீண்டுவிட்டால் காற்றாடி திக்கும். முள் இறுகினால் சுற்றாது. தளர்ந்தால் ஆடி விழும். ஆறு வயதுக் குழந்தை இதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்து, நீண்ட பக்கத்தைக் கத்தரித்து, மீண்டும் ஓடிப் பார்க்கும். கார்த்திகைக்குச் செய்யும் அகலும் அப்படித்தான். களிமண்ணைக் கல் நீக்கிப் பிசையாமல் செய்தால் விளிம்பு வெடிக்கும். வெயிலில் காய வைத்தாலும் வெடிக்கும். நிழலில் மெல்ல உலர்த்தினால் நிற்கும். ஆனாலும் சுடாத விளக்கு எண்ணெயைக் குடித்துவிடும். ஏன் குயவர் சூளை போடுகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. மார்கழியில் ஏழில் தொடங்கி நான்கில் முடியும் ஊடுபுள்ளிக் கோலத்துக்கு மொத்தம் எத்தனை புள்ளி வேண்டும் என்று கேட்டால், நடுவரிசை ஏழு, இருபுறமும் ஆறு, ஐந்து, நான்கு என்று கூட்டி முப்பத்தேழு எனச் சொல்ல ஏழு வயதுக் குழந்தையால் முடியும்.

இனி இந்த வழியின் மறைவான செலவுகள். முதலாவது வாசிப்பு. இலையும் மண்ணும் குழந்தையின் கவனத்தையும் கைத்திறனையும் சொல்வளத்தையும் வளர்க்கும். அவை தாமாக வாசிக்கக் கற்பிக்கா. தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள் இருக்கின்றன. அடிப்படை வடிவங்களும் சில குறியீடுகளும் புரிந்தால் ஓடிவிடும் என்றாலும், கொம்பும் காலும் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கண்ணுக்குப் பழக, நாள் தவறாத அரை மணி நேரப் பயிற்சி பல மாதங்களுக்கு வேண்டும். உகர, ஊகார வரிசைகளில் வடிவங்கள் எழுத்துக்கு எழுத்து மாறுவதால் அங்கே பெரும்பாலான குழந்தைகள் தேங்குகிறார்கள். இந்த அரை மணி நேரத்தை வீட்டு வேலைக்கோ உறவினர் வருகைக்கோ பலியிடாமல் காக்க முடியாத வீட்டில், ஏழு வயதில் பறவைகளின் பெயர்களெல்லாம் தெரிந்த, ஒரு சிறு கதையை வாசிக்கத் தெரியாத குழந்தை உருவாகிவிடும். அது குழந்தைக்கு நாம் இழைக்கும் அநீதி.

இரண்டாவது வருமானம். மாதம் 25,000 ரூபாய் ஈட்டும் ஒருவர் ஐந்தாண்டுகள் வேலையை விட்டு வீட்டில் இருந்தால் இழப்பது 15 இலட்சம் ரூபாய். அதன்மேல் பணி அனுபவமும் போகிறது. நம் வீடுகளில் அந்த ஒருவர் பெரும்பாலும் தாய்தான். வீட்டுக்கல்வியைப் பற்றி ஆர்வத்தோடு பேசும் தந்தையர், வாரத்தில் எந்தெந்த நாள்களில் எந்தெந்த மணி நேரத்தைத் தாம் ஏற்கப் போகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன். அதைச் சொல்ல முடியாவிட்டால் அம்முடிவு இருவருடைய முடிவு ஆகாது.

மூன்றாவது பாதுகாப்பு. வெளியில் கற்கும் குழந்தைக்கு எந்தச் செடியைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும். பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணி கொடிய நஞ்சு. கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. எருக்கம்பூவைப் பறிக்கும்போது வடியும் பால் கண்ணில் பட்டால் கண் பாதிக்கப்படும். காட்டாமணக்குக் காயை நிலக்கடலை போல எண்ணித் தின்ற பிள்ளைகள் வாந்தி மயக்கத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுவது கிராமங்களில் புதிதல்ல. அரளியும் ஊமத்தையும் அப்படிப்பட்டவையே. கிணறு, குட்டை, செங்கல் சூளைக்காக மண் எடுத்த பள்ளம் ஆகியவற்றின் அருகே கை எட்டும் தொலைவில் பெரியவர் இல்லாமல் ஒரு நொடியும் விடக்கூடாது. கத்திரி வெயில் காயும் நாள்களில் காலை ஒன்பது மணிக்குள்ளும் மாலை ஐந்து மணிக்குப் பின்னும் மட்டுமே வெளிநேரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, பலரும் எண்ணிப் பாராத ஒன்று. அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழு வந்து பார்வை, செவித்திறன், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைச் சோதிக்கிறது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க மாத்திரை தரப்படுகிறது. மண்ணில் விளையாடும் குழந்தைக்கு அந்த மாத்திரை மிகவும் தேவை. பள்ளியில் சேராத குழந்தையும் அங்கன்வாடியில் அதைப் பெறலாம். ஆனால் தேடிப் போய்ப் பெற வேண்டும். ஐந்து வயதை ஒட்டிப் போட வேண்டிய ஊக்கத் தடுப்பூசியையும் நீங்களேதான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் பொறுமையும் வாசிப்புப் பழக்கமும் உள்ள ஒரு பெரியவர் முழுநேரம் இருந்து, நடக்கும் தொலைவில் ஏரியோ தோப்போ வயலோ பூங்காவோ இருந்து, நான்கைந்து குடும்பங்களாவது வாரத்தில் சில நாள் கூடிக் குழந்தைகளை ஒன்றாக விட முடிந்தால், இந்த வழி சிறப்பானது. தாத்தா, பாட்டி உடனிருக்கும் வீடுகளில் இதன் வளம் இருமடங்கு. ஓலை முடையவும் விதை பொறுக்கவும் தெரிந்த கை அவர்களுடையது.

## வழி 2: அருகமைப் பள்ளியும் நாள்தோறும் வெளிநேரமும்

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி என்று கல்வி உரிமைச் சட்டம் வரையறுக்கிறது. தமிழகப் பள்ளிகள் இதைவிடச் சற்றுக் கூடுதலான நாள்களே இயங்குகின்றன. எப்படிக் கணக்கிட்டாலும் ஆண்டில் 140 நாளுக்கு மேல் குழந்தை உங்களிடம்தான் இருக்கிறது. பள்ளி நாளிலும், நடந்து போகும் தொலைவில் பள்ளி இருந்தால், காலையில் ஒரு மணி நேரமும் மாலை நாலரை முதல் ஆறு வரையும் உங்கள் கையில் இருக்கின்றன. நாளுக்கு இரண்டு மணி நேர வெளிநேரம் என்பது பள்ளிக்குப் போகும் குழந்தைக்கும் எட்டக்கூடியதே.

அந்த நேரத்தைத் தின்பவை வேறு. பள்ளி வண்டியில் ஒரு வழிக்கு முக்கால் மணி நேரம், அதன்பின் டியூஷன், அதன்பின் வீட்டுப்பாடம், மிச்சத்துக்குக் கைப்பேசி. ஆகவே இந்த வழியைத் தேர்பவர்கள் பள்ளியின் பெயரைவிடத் தொலைவை முன்வைத்துத் தேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பேர்பெற்ற பள்ளியைக் காட்டிலும், தெருமுனையில் உள்ள சுமாரான தொடக்கப் பள்ளி இந்த வயதுக் குழந்தைக்கு நல்லது. வீட்டுப்பாடம் கொடுக்கும் பள்ளியிடம் பேசவும் தயங்க வேண்டாம்; மத்திய வாரியப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமே 2018இல் உத்தரவிட்டிருக்கிறது.

அரசுத் தொடக்கப் பள்ளியை ஒரு வாய்ப்பாகக்கூடக் கருதாமல் கடந்துவிடும் நடுத்தரக் குடும்பங்கள், ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், எட்டு வயதுக்குள் குழந்தைகள் பொருளுணர்ந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்பதற்காக, கதை, பாடல், பொம்மலாட்டம், கைவினை ஆகியவற்றை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. பல ஊர்களில் அரசுப் பள்ளி வளாகத்தில்தான் வேம்பும் புங்கமும் நிழல் தருகின்றன. கட்டணம் வாங்கும் பள்ளிகளில் பலவற்றுக்கு மைதானமே இல்லை. காலை உணவும் மதிய உணவும் அங்கே கிடைக்கின்றன. ஆசிரியர் எண்ணிக்கை பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒருசேர நடத்தும் பள்ளியா என்பதை மட்டும் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

இந்த வழியிலும் மறைவான செலவு உண்டு. மாலையில் களைத்து வரும் குழந்தையிடம் ‘வா, கைவேலை செய்வோம்’ என்றால் அதுவும் இன்னொரு வகுப்பாகிவிடும். பள்ளி நாளில் வெறும் விளையாட்டு, விடுமுறை நாளில் கைவேலை என்று பிரித்துக்கொள்வது பொருந்தும். வார நாள்களில் பருவத்தின் நுட்பமான மாற்றங்கள் சில கைநழுவிப் போகும். செவ்வாய்க்கிழமை காலையில் பெய்த மழைக்கு ஈசல் புறப்படும்போது குழந்தை வகுப்பில் இருக்கும். அது ஓர் இழப்புதான். ஆனால் வாசிப்பும் எண்ணும் பழக்கமான ஒரு கையில் ஒப்படைக்கப்பட்டிருப்பதும், வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகளோடு குழந்தை பழகுவதும் அந்த இழப்பை ஈடுசெய்யும் என்று கருதுகிறேன். சாதியும் வருமானமும் பார்க்காமல் பழகும் தோழமை, ஒத்த கருத்துடைய நான்கு குடும்பங்களின் வட்டத்துக்குள் எளிதில் கிடைப்பதில்லை. வீட்டுக்கல்வியை விரும்புவோர் இதை மனத்தில் நிறுத்த வேண்டும்.

## வழி 3: இயற்கையை மையமாகக் கொண்ட மாற்றுப் பள்ளி

திருவண்ணாமலை அருகே 2009இல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளி, தருமபுரி மாவட்டத்தில் நாகர்கூடலில் உள்ள புவிதம், கோவை ஆனைகட்டியில் பழங்குடிக் குழந்தைகளை மனத்தில் கொண்டு தொடங்கப்பட்ட வித்யா வனம் போன்றவை, தோட்டமும் காடும் கைத்தொழிலும் பாடத்தோடு பிணைந்திருக்கும் பள்ளிகள். வீட்டுக்கல்வியின் நேரத்தையும் பள்ளியின் துணையையும் ஒருங்கே தருவது இந்த வழிதான். இடம் கிடைத்து, குடும்பம் அங்கே வாழ முடிந்தால், மூன்று வழிகளில் இதுவே குழந்தைக்கு மிக இயல்பானது.

சிக்கல் அந்த ‘முடிந்தால்’ என்பதில் இருக்கிறது. இவை சிறிய பள்ளிகள், இடங்கள் குறைவு, உள்ளூர்க் குழந்தைகளுக்கு அவை முன்னுரிமை தருவது நியாயமானது. நகரத்திலிருந்து குடிபெயர்பவர் வேலையையும் வாடகையையும் மருத்துவமனை வசதியையும் புதிதாக ஏற்பாடு செய்ய வேண்டும். தாத்தா, பாட்டி பின்தங்கிவிடுவார்கள். பயிற்று மொழி எது, மேல் வகுப்புக்கு வேறு பள்ளிக்கு மாற வேண்டியிருந்தால் அந்த மாற்றத்தைப் பள்ளி எப்படிக் கையாள்கிறது என்பவற்றைச் சேருமுன் கேட்க வேண்டும். பேருக்கு ‘இயற்கைவழிக் கல்வி’ என்று பலகை மாட்டி, நான்கு தொட்டிச் செடிகளோடு பெருங்கட்டணம் வாங்கும் நகர்ப்புற மழலையர் பள்ளிகளும் பெருகியிருக்கின்றன. ஒரு சாதாரண வேலை நாளில், முன்னறிவிப்பின்றி, பத்து மணிக்குக் குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வீட்டுக்கல்வி | அருகமைப் பள்ளி + வெளிநேரம் | மாற்றுப் பள்ளி |
|---|---|---|---|
| உடனிருக்கும் பெரியவர் | நாள் முழுதும் தேவை | காலை, மாலை, விடுமுறை | ஓரளவு தேவை |
| வெளிநேரம் | மிகுதி. பெற்றோரின் முயற்சியைப் பொறுத்தது | நாளுக்கு இரண்டு மணி வரை, பள்ளி அருகில் இருந்தால் | மிகுதி |
| வாசிப்பு, எண் | முழுப் பொறுப்பு பெற்றோருடையது | பள்ளியும் வீடும் | பள்ளி. வேகம் மாறுபடும் |
| ஒத்த வயதுத் துணை | ஏற்பாடு செய்தால்தான் உண்டு | தாராளம் | உண்டு; சிறு குழு |
| பெரிய செலவு | இழக்கும் வருமானம் | அரசுப் பள்ளியில் மிகக் குறைவு | குடிபெயர்வு, கட்டணம் |
| திரும்பி வருதல் | சட்டத்தில் வழி உண்டு; அலைச்சல் உண்டு | தேவையில்லை | மாற்றுச் சான்றிதழோடு எளிது |

## எந்தச் சூழலில் எது

மூன்று முதல் ஐந்து வயது வரை, வீட்டில் ஒருவர் இருக்க முடிந்தால், முதல் வழியைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். சட்டம் குறுக்கிடாத, எழுத்துப் பயிற்சிக்கு அவசரமில்லாத வயது அது. அந்த வயதில் அங்கன்வாடிக்கு அரைநாள் அனுப்பி, மீதி நாளை வெளியில் கழிப்பதும் நல்ல ஏற்பாடு; சத்துணவும் மருத்துவக் கவனிப்பும் தோழமையும் செலவின்றிக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்ததும் முதல் வகுப்பில் சேர்க்கலாம் என்றாலும், கல்வி உரிமைச் சட்டத்தின் எல்லை ஆறில்தான் தொடங்குகிறது. இடைப்பட்ட அந்த ஓராண்டைக் குழந்தையின் பேச்சையும் கைத்திறனையும் பார்த்து நீங்களே தீர்மானிக்கலாம்.

ஆறு வயதுக்கு மேல் என் பரிந்துரை மாறுகிறது. நடக்கும் தொலைவில் அடிக்காத, அதட்டாத ஆசிரியர் உள்ள ஒரு பள்ளி இருந்தால் இரண்டாம் வழியே பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்றது. வேலைக்குப் போகும் இருவர், அடுக்ககத்தில் வளரும் ஒற்றைக் குழந்தை, கைக்குழந்தையும் வீட்டில் உள்ள தாய் ஆகியோர் வீட்டுக்கல்விக்காகத் தம்மை வருத்திக்கொள்ள வேண்டாம். மாறாக, பள்ளியில் அடியோ அவமதிப்போ நேர்ந்து குழந்தை ஒடுங்கிவிட்டிருந்தால், உடல்நலக் காரணத்தால் நாள் முழுதும் உட்கார முடியாதிருந்தால், தொழில் நிமித்தம் ஆண்டுக்கு ஆண்டு ஊர் மாறும் குடும்பமாக இருந்தால், ஆறு வயதுக்கு மேலும் வீட்டுக்கல்வி சரியான தேர்வாகலாம். பேச்சுத் தாமதம் உள்ள குழந்தையை மட்டும், வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்யும் முன், அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டிவிட வேண்டும். இயற்கைச் சூழல் அதற்கு மருந்தாகாது.

ஐந்தாம் வகுப்பு வயதைத் தாண்டியும் வீட்டிலேயே தொடர எண்ணுபவர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைத் தமிழக அரசு 2020இல் சட்டமாக்கியது. உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறாம் வகுப்பு முதலான பள்ளிப் படிப்பையே பார்க்கின்றன. தமிழ்வழியில் படித்தோருக்கான அரசுப் பணி ஒதுக்கீட்டுக்கும் பள்ளிச் சான்றுகள் வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான நிலைகளையும், பதினான்கு வயது நிறைந்தபின் பத்தாம் வகுப்புத் தேர்வையும் எழுதலாம் என்பது உண்மையே. ஆனால் மேற்சொன்ன சலுகைகளுக்கு அது வழியாகாது. வசதி குறைந்த குடும்பத்துக்கு இந்த இழப்பு மிகப் பெரியது.

## தேர்ந்தபின் செய்து வைக்க வேண்டியவை

வீட்டுக்கல்வியைத் தேர்பவர்கள் முதல் நாளிலிருந்தே ஓர் ஏடு வைத்துக்கொள்ள வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை குழந்தை உரக்க வாசிக்கும் பகுதியின் பெயர், அதன் கையெழுத்தில் ஒரு பக்கம், அது செய்த கணக்கு, செய்த கைவேலையின் படம், பார்த்த மரங்கள், பறவைகளின் பட்டியல் ஆகியவற்றைத் தேதியோடு அதில் சேர்க்க வேண்டும். ஒரு பருவம் முழுவதும் வாசிப்பில் அசைவே தெரியவில்லை என்றால் அந்த ஏடே அதைக் காட்டிக்கொடுக்கும். அப்போது முறையை மாற்றலாம், அல்லது பள்ளியை அணுகலாம்.

பள்ளிக்குத் திரும்புவது எப்போதும் இயலும். ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்கைக் காலம் முடிந்தபின் வந்தாலும் மறுக்கக்கூடாது என்று 15ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுவதை 13ஆம் பிரிவு தடுக்கிறது. அரசுப் பள்ளிகளில் இவை பெரும்பாலும் தடையின்றி நடக்கும். தனியார் பள்ளிகளில் முந்தைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழையும், ஒவ்வொரு மாணவருக்கும் தரப்படும் எமிஸ் எண்ணையும் கேட்டு இழுத்தடிக்கக்கூடும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை ஆகியவற்றை ஒரே உறையில் இட்டு அந்த ஏட்டோடு வைத்திருந்து, முதலில் அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் பார்த்து எமிஸ் எண் பெற்றுக்கொண்டு, தேவையானால் அதன்பின் வேறு பள்ளியை நாடுவது அலைச்சலைக் குறைக்கும்.